பெரிய பெயருள்ள ஹைஸ்கூலில் படித்தால் பெரிய காலேஜ் கிடைக்குமா? அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நியூஜெர்சியில் எங்கள் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளி ஞாயிறு மதியம் இரண்டரை மணி நேரம் நடக்கும். பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் பெற்றோர் நாங்கள் கேஃப்டீரியாவில் ஃபிளாஸ்க் காபியோடு உட்கார்ந்திருப்போம். பேச்சு வீட்டு விலையில் ஆரம்பிக்கும், எந்த ஊர் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் நல்லது என்று போகும், கடைசியில் காலேஜில் வந்து நிற்கும். என் பிள்ளைகள் இருவரும் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டதால் கேள்விகள் என்னிடம் வருகின்றன. ஒரே பதிலை வாட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது வருகிற விண்ணப்பங்களில் கொஞ்சத்தை மட்டும் எடுக்கும் கல்லூரிகளைப் பற்றி: ஐவி லீக் (ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட எட்டுப் பழைய பல்கலைக்கழகங்கள்), எம்ஐடி, ஸ்டான்ஃபர்ட், டியூக், பெர்க்லி, யூசிஎல்ஏ, யூடி ஆஸ்டின் (டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம்) போன்றவை. அமெரிக்காவில் பெரும்பாலான கல்லூரிகள் விண்ணப்பித்தவர்களில் பாதிக்கு மேல் சேர்த்துக்கொள்கின்றன. அங்கே போகப்போகும் பிள்ளைக்கு இந்தப் பக்கம் தேவையே இல்லை.

பள்ளியின் பெயருக்கு மார்க் உண்டா இல்லையா? ஒரே வரியில் சொல்லுங்கள் அக்கா.

பெயருக்கென்று தனி மார்க் கிடையாது, ஆனால் பிள்ளையின் மார்க்கை எந்தப் பள்ளியில் வாங்கியது என்று பார்த்துத்தான் எடைபோடுகிறார்கள்.

நம்பிக்கை வரவில்லையென்றால் நீங்களே பார்க்கலாம். பெரும்பாலான கல்லூரிகள் வருடாவருடம் ‘காமன் டேட்டா செட்’ என்று ஒரு ஆவணம் வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற அட்டவணையில் சேர்க்கையின்போது எதெதைப் பார்க்கிறோம், எது மிக முக்கியம், எதைப் பார்ப்பதே இல்லை என்று டிக் அடித்திருப்பார்கள். எடுத்த பாடங்களின் கடினம், வகுப்பு ரேங்க், ஜிபிஏ (எல்லாப் பாடங்களின் சராசரி கிரேட்), எஸ்ஏடி போன்ற பொது நுழைவுத் தேர்வு மதிப்பெண், கட்டுரை, சிபாரிசுக் கடிதம், வெளிச் செயல்பாடுகள், பெற்றோர் அதே கல்லூரியில் படித்தவர்களா என்பதுவரை வரிசையாக இருக்கும். ‘படித்த ஹைஸ்கூலின் புகழ்’ என்று ஒரு வரி அதில் கிடையாது. ஆனால் முதல் வரியில் இருக்கும் ‘பாடங்களின் கடினம்’ என்பதைப் பள்ளியைத் தெரியாமல் அளக்கவே முடியாது. பள்ளி உள்ளே வருவது அந்த வாசல் வழியாகத்தான்.

பள்ளி எப்படிப்பட்டது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் பள்ளிகள் இருக்கின்றனவே?

டிரான்ஸ்கிரிப்டோடு (மதிப்பெண் பட்டியல்) சேர்த்து, கல்லூரி விண்ணப்பங்களைக் கவனிக்கும் உங்கள் பள்ளியின் கவுன்சலர் ‘ஸ்கூல் புரொஃபைல்’ என்று ஒன்றை அனுப்புகிறார். பெரும்பாலும் இரண்டே பக்கம். பெற்றோரில் பாதிப்பேர் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள், நானும் மூத்தவள் பதினொன்றாம் வகுப்புக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். பள்ளி இணையதளத்தில் கவுன்சலிங் பகுதியில் போட்டிருப்பார்கள், இன்றைக்கே தேடிப் படியுங்கள். வகுப்பில் எத்தனை பேர், எத்தனை ஏபி பாடங்கள் (கல்லூரி அளவிலான கடினப் பாடங்கள்) நடத்துகிறார்கள், ஒரு மாணவர் எத்தனை எடுக்கலாம் என்று வரம்பு உண்டா, ஜிபிஏ எப்படிக் கணக்கிடப்படுகிறது, ரேங்க் கொடுக்கிறார்களா, எஸ்ஏடி சராசரி எவ்வளவு, நான்கு வருடக் கல்லூரிக்குப் போகிறவர்கள் எத்தனை சதவீதம் என்பதெல்லாம் அதில் இருக்கும். சில பள்ளிகள் ஜிபிஏ எந்த எல்லைக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டைப் படமும் போடும். ரேங்க் கொடுக்காத பள்ளியாக இருந்தாலும் அந்தப் படத்தை வைத்து உங்கள் பிள்ளை ஏறத்தாழ எந்த இடத்தில் நிற்கிறாள் என்று வாசிப்பவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

அதோடு பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் தளமான காமன் ஆப்பில் கவுன்சலர் நிரப்பும் படிவத்தில் ஒரு கேள்வி: இந்தப் பள்ளியில் காலேஜுக்குத் தயாராகும் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இந்த மாணவர் எடுத்த பாடங்கள் எவ்வளவு கடினமானவை? ‘மிகக் கடினம்’ என்பதிலிருந்து கீழே இறங்கிப் பல படிகள். வேறு பள்ளியோடு ஒப்பிடச் சொல்லவில்லை, இதே பள்ளியோடுதான்.

அப்புறம் ஆட்கள். விண்ணப்பங்களைப் படிக்கும் அதிகாரிகளுக்கு ஊர் பிரித்துக் கொடுத்திருப்பார்கள். சேர்க்கையில் ஆசிய-அமெரிக்க மாணவர்களுக்குப் பாகுபாடு காட்டுகிறது என்று ஹார்வர்ட் மீது போட்ட வழக்கு 2018-இல் பாஸ்டனில் விசாரணைக்கு வந்தபோது ஹார்வர்ட் அதிகாரிகள் நாட்டையும் உலகையும் 20 பகுதிகளாகப் பிரித்துப் படிப்பது வெளியே தெரிந்தது. ஆசிரியர், கவுன்சலர் கடிதங்களுக்குத் தனியாக மதிப்பெண் போடுவதும் தெரிந்தது. மத்திய நியூஜெர்சியை ஐந்து வருடமாகப் படிக்கும் ஒருவருக்கு எடிசன், சவுத் பிரன்ஸ்விக், வெஸ்ட் வின்ட்சர் பள்ளிகளில் ‘ஏ’ வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களைவிட நன்றாகத் தெரியும். பெயர் தெரியாத பள்ளிகளுக்கும் வழி இருந்தது. எஸ்ஏடியை நடத்தும் காலேஜ் போர்டு 2019-இல் ‘லேண்ட்ஸ்கேப்’ என்ற கருவியில் பள்ளி, சுற்றுவட்டாரம் பற்றிய தகவல்களைக் கல்லூரிகளுக்குத் தொகுத்துக் கொடுத்தது. 2025-இல் அதை நிறுத்திவிட்டது. ஆனால் பள்ளிச் சூழலில் வைத்துப் படிக்கும் பழக்கம் அந்தக் கருவிக்கு முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

நல்ல பள்ளியில் நடுவில் இருப்பது மேலா, சாதாரணப் பள்ளியில் முதலில் இருப்பது மேலா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். வீடு வாங்கும் முடிவு இதில் மாட்டிக்கொண்டிருப்பதால் கேட்கிறவர்கள் குரலில் ஒரு பதற்றமும் இருக்கும். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

சமூகவியலில் இதைத் ‘தவளைக் குளம்’ என்றே சொல்கிறார்கள். சின்னக் குளத்தில் பெரிய தவளையா, பெரிய குளத்தில் சின்னத் தவளையா என்று 1966-இல் ஜேம்ஸ் டேவிஸ் கல்லூரிகளை வைத்துக் கேட்டார். 2001-இல் பால் அட்டவெல் ஹைஸ்கூல்களை எடுத்துக்கொண்டார். நட்சத்திரப் பள்ளிகளில் உச்சாணிக் கொம்பில் இருக்கும் சிலர் நன்றாக வருகிறார்கள், அவர்களுக்குச் சற்றே கீழே இருக்கும் நல்ல மாணவர்கள்தான் அடிபடுகிறார்கள் என்பது அவர் கண்டது. 2005-இல் பிரின்ஸ்டனைச் சேர்ந்த தாமஸ் எஸ்பென்ஷேடும் உடன் ஆய்வாளர்களும் 3 உயர்தரப் பல்கலைக்கழகங்களுக்கு வந்த 45,000-க்கு மேற்பட்ட விண்ணப்பங்களை அலசினார்கள். மாணவரின் சொந்தத் திறன் ஒன்றாகவே இருக்கும்போது, திறமைசாலிகள் நிறைந்த பள்ளியிலிருந்து வந்தால் வாய்ப்பு கொஞ்சம் குறைகிறது. பள்ளியின் பெயர் அதற்கு எதிர்த்திசையில் கொஞ்சம் தூக்கிவிடுகிறது. இரண்டையும் சேர்த்தாலும் பள்ளியின் பங்கு சிறியது, மாணவரின் சொந்தத் தகுதியின் பங்குதான் பெரியது. பழைய தரவுதான். ஆனால் பதினைந்து வருடமாக எங்கள் கேஃப்டீரியாவில் பார்ப்பதும் ஏறக்குறைய இதேதான்.

ஒரு உதாரணம், எண்கள் நான் வைத்துக்கொள்வது. இரண்டு பெண்கள், இருவருக்கும் எஸ்ஏடி 1480. ஒருத்தியின் பள்ளிச் சராசரி 1020, அங்கே 6 ஏபிதான் உண்டு, ஆறையும் எடுத்துவிட்டாள், ஆசிரியர் கடிதத்தில் ‘என் இருபது வருடத்தில் இப்படி ஒரு மாணவியைப் பார்த்ததில்லை’ என்கிறார். இன்னொருத்தியின் பள்ளிச் சராசரி 1350, அங்கே 26 ஏபி, அவள் எடுத்தது 7, கடிதத்தில் ‘நல்ல உழைப்பாளி, மரியாதையான பெண்’ என்று இருக்கிறது. படிப்பில் இருவரும் சமம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பெண் ஒருவேளை இன்னும் நன்றாகவே தயாராகியிருக்கலாம், காலேஜ் முதல் வருடம் அவளுக்குச் சுலபமாகக்கூட இருக்கும். ஆனாலும் விண்ணப்பத்தைக் கையில் வைத்திருப்பவர் கண்ணில் முதல் பெண் தனியாகத் தெரிகிறாள்.

அதற்காகச் சாதாரணப் பள்ளி இருக்கும் ஊருக்குக் குடிபோங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல ஆசிரியர், உருப்படியான லேப், கூடப் படிப்பவர்களின் ஆர்வம், இதெல்லாம் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளும். அதற்காகப் போங்கள். ‘இந்தப் பள்ளிக்குப் போனால் ஐவி நிச்சயம்’ என்று நினைத்து மாதாமாதம் மூச்சு முட்டும் மார்ட்கேஜில் போய் விழாதீர்கள். அந்தக் கணக்கு வேலை செய்வதில்லை. போட்டி கூடினால் சில பிள்ளைகள் மலர்வார்கள், சிலர் சுருண்டுவிடுவார்கள். உங்கள் பிள்ளை எந்த வகை என்று எட்டாம் வகுப்புக்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஒரு பள்ளியிலிருந்து இத்தனை பேர்தான் என்று கோட்டா இருக்கிறதா?

எழுதிவைத்த கோட்டா இல்லை என்று கல்லூரிகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன, நான் அதை நம்புகிறேன். ஆனால் பல கல்லூரிகளில் ஒரே பள்ளியிலிருந்து வந்த விண்ணப்பங்களைச் சேர்த்து வைத்துப் பார்ப்பது உண்டு. ஒரே பள்ளியிலிருந்து நாற்பது பேர் கார்னெல்லுக்குப் போட்டால், நாற்பது பேருக்கும் அதே பாடங்கள், அதே ரோபாட்டிக்ஸ், அதே மருத்துவமனை வாலண்டியர் வேலை, அதே கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று இருந்தால், யாரோடு யாரை ஒப்பிடுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இதனால்தான் நான் எல்லோரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்வது: பக்கத்து வீட்டுப் பையன் போட்ட அதே பன்னிரண்டு பெயர்களையே போடாதீர்கள். மின்னசோட்டாவில் கார்ல்டன் இருக்கிறது, அயோவாவில் கிரினெல் இருக்கிறது, கலிபோர்னியாவில் ஹார்வி மட் இருக்கிறது. நம் ஆட்கள் பேச்சில் இவை வருவதே இல்லை.

நேவியன்ஸில் (பள்ளிகள் பயன்படுத்தும் கல்லூரி விண்ணப்பத் தளம்) புள்ளிகள் காட்டுகிறார்களே, அதை நம்பலாமா?

என் மகள் விண்ணப்பித்த வருடம் ஆகஸ்ட் மாத ராத்திரிகளில் சமையலறை மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நானும் அவள் அப்பாவும் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு பக்கம் ஜிபிஏ, ஒரு பக்கம் எஸ்ஏடி, முந்தைய வருடங்களில் அதே பள்ளியிலிருந்து அந்தக் கல்லூரிக்குப் போட்டவர்களில் கிடைத்தவர்கள் பச்சை, கிடைக்காதவர்கள் சிவப்பு. ஒரு கல்லூரிக்கு மேல் மூலையில் எல்லாம் சிவப்பாக இருக்க, கொஞ்சம் கீழே தனியாக ஒரு பச்சைப் புள்ளி. ‘இவனுக்குக் கிடைத்திருக்கிறது, உனக்கு ஏன் கிடைக்காது?’ என்று அவளிடம் கேட்டேன். அந்தப் புள்ளி நீச்சலுக்காக எடுக்கப்பட்ட பையன் என்பது பிறகு தெரிந்தது. அவள் அன்றைக்குப் பதில் பேசாமல் எழுந்து போனது இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்தப் படம் உதவாது என்று சொல்லவில்லை. இந்தப் பள்ளியின் ஜிபிஏவை இந்தக் கல்லூரி எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் விளையாட்டு வீரர், அதே கல்லூரியில் படித்தவர்களின் பிள்ளை, பேராசிரியர் பிள்ளை, எந்த மேஜர் (முதன்மைப் பாடம்) என்பது எதுவும் புள்ளியில் தெரியாது. பச்சையும் சிவப்பும் கலந்துகிடக்கும் இடத்தில் உங்கள் பிள்ளை இருந்தால் ‘சொல்ல முடியாது’ என்பதுதான் அதற்கு அர்த்தம். சுற்றிலும் பச்சையாக இருக்கும் கல்லூரிகள் குறைந்தது மூன்று உங்கள் பட்டியலில் இருக்கட்டும்.

நாங்கள் டெக்சஸ். பிரிஸ்கோ, பிளேனோ பக்கம் வீடு பார்க்கிறோம். அங்கே கணக்கு வேறு என்கிறார்களே?

ஆமாம், அங்கே சட்டமே வேறு. சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்று சொன்ன ஹாப்வுட் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு 1997-இல் டெக்சஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது: மாநிலத்தின் எந்த ஹைஸ்கூலாக இருந்தாலும் வகுப்பில் முதல் 10 சதவீதத்தில் இருப்பவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம். யூடி ஆஸ்டினுக்கு மட்டும் கூட்டம் தாங்காமல் 2009-இல் திருத்தம் வந்தது. உள்மாநிலப் புதுமாணவர் இடங்களில் 75 சதவீதம்வரைதான் இப்படி நிரப்பலாம். அதனால் அதன் எல்லை இறங்கிக்கொண்டே போனது. பல வருடம் 6 சதவீதமாக இருந்தது, 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து 5 ஆகிவிட்டது. டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் இன்னும் 10.

இதில் பள்ளியின் பெயருக்கு வேலையே இல்லை, ரேங்குக்குத்தான். வகுப்பில் 700 பேர் என்றால் 5 சதவீதம் 35 பேர். நம் ஆட்கள் எல்லோரும் தேடிப்போய்க் குவியும் பள்ளியில் அந்த 35-க்குள் வருவது எவ்வளவு கடினம் என்று அங்கே இருக்கும் பெற்றோரைக் கேளுங்கள். ஒரே பாடத்தில் ஒரு ‘பி’ வந்தால் நூறு இடம் இறங்கிவிடுமோ என்று பிள்ளைகள் தூங்காமல் இருக்கிறார்கள். இன்னொரு விஷயம், அந்த 5 சதவீதம் பல்கலைக்கழகத்துக்குள் நுழையத்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ், எஞ்சினியரிங், பிசினஸ் போன்றவற்றுக்குத் தனிப் போட்டி உண்டு. ‘ஆட்டோ அட்மிட்’ கிடைத்தும் கேட்ட மேஜர் கிடைக்காமல் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கலிபோர்னியாவில்? குப்பர்டினோ பக்கத்து மோன்டா விஸ்டா, லின்புரூக் மாதிரிப் போட்டி மிகுந்த பள்ளிகளுக்குக் கூடுதல் மதிப்பு உண்டா?

யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) வளாகங்கள் சேர்க்கைக்கு எஸ்ஏடியைப் பார்ப்பதே இல்லை. எந்தப் பள்ளி என்றாலும் அங்கே என்ன பாடங்கள் இருந்தன, அதில் நீ என்ன செய்தாய் என்றுதான் பார்க்கிறார்கள். ஒவ்வொரு பங்கேற்கும் பள்ளியிலும் முதல் 9 சதவீதத்தில் வருபவர்களுக்கு ஏதாவது ஒரு வளாகத்தில் இடம் உறுதி என்ற திட்டம் உண்டு. 2001-இல் 4 சதவீதமாகத் தொடங்கியது. கேட்ட வளாகங்கள் எதிலும் கிடைக்காவிட்டால் இடம் இருக்கும் வளாகத்தில் தருவார்கள், பெரும்பாலும் மெர்சட். பெர்க்லிக்கும் யூசிஎல்ஏவுக்கும் அந்த உறுதி கிடையாது. யூசி அமைப்பு ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் எத்தனை பேர் போட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று இணையதளத்தில் வெளியிடுகிறது. குப்பர்டினோ வீடு வாங்கும் முன் ஒரு மணி நேரம் அதைப் பாருங்கள், ரியல் எஸ்டேட் ஏஜென்ட் சொல்லாத கதை அதில் கிடைக்கும்.

டிஜே (வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன்), நியூயார்க்கின் ஸ்டைவசன்ட் மாதிரி நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கும் பள்ளிகள்?

அங்கே படித்தால் கிடைக்கும் படிப்பு உண்மையிலேயே உயர்ந்தது, அதில் சந்தேகமே வேண்டாம். அங்கிருந்து நல்ல கல்லூரிகளுக்கு நிறையப் பேர் போவதும் உண்மை. ஆனால் உள்ளே வரும்போதே பொறுக்கியெடுத்த பிள்ளைகள் அவர்கள். வேறு பள்ளியில் படித்திருந்தாலும் அவர்களில் பலர் அதே கல்லூரிக்குப் போயிருப்பார்கள். பள்ளியால் போனார்களா, பள்ளிக்கு முன்பே அப்படித்தான் இருந்தார்களா என்பதைப் பிரித்துப் பார்க்காமல் அந்த எண்ணிக்கையை மேற்கோள் காட்டக் கூடாது.

வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன் பள்ளி இப்போது பழைய மாதிரி இல்லை என்பதும் தெரிந்திருக்கட்டும். 2020-இல் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு, ஒவ்வொரு மிடில் ஸ்கூலின் எட்டாம் வகுப்பிலிருந்தும் 1.5 சதவீதத்தினருக்கு இடம் என்று மாற்றினார்கள். எதிர்த்துப் போட்ட வழக்கில் 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பள்ளி வாரியத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்துவிட்டது. பள்ளிக்குள் நுழைவதிலும் இப்போது ‘எந்தப் பள்ளியிலிருந்து வருகிறாய்’ என்ற கேள்வி வந்துவிட்டது.

வருடம் 50,000 டாலருக்கு மேல் கட்டிப் பிரைவேட்டில் சேர்த்தால்?

இதில் மட்டும் நான் மழுப்ப மாட்டேன். பணக்காரத் தனியார் பள்ளிகளுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது, அது அநியாயம் என்றே நினைக்கிறேன். 2023-இல் ராஜ் செட்டி, டேவிட் டெமிங், ஜான் ஃப்ரீட்மன் மூவரும் வெளியிட்ட ஆய்வு, 8 ஐவிகளோடு எம்ஐடி, ஸ்டான்ஃபர்ட், டியூக், சிகாகோ சேர்த்து 12 கல்லூரிகளைப் பார்த்தது. எஸ்ஏடி மதிப்பெண் ஒன்றாக இருந்தும், நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைவிட வருமானத்தில் முதல் 1 சதவீதக் குடும்பத்துப் பிள்ளை அங்கே சேரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். காரணங்களாக மூன்றைச் சொன்னார்கள்: முன்னாள் மாணவர் பிள்ளைகளுக்கான சலுகை, விளையாட்டுக்காக எடுப்பது, படிப்பு சாராத விஷயங்களுக்குப் போடும் மதிப்பெண். அந்த மூன்றாவதில்தான் தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதிகம் விழுகிறது. படிப்பு மதிப்பெண்ணில் அப்படி இல்லை.

ஏன் என்று யோசித்தால் புரியும். அமெரிக்கப் பள்ளி கவுன்சலர் சங்கம் ஒரு கவுன்சலருக்கு 250 மாணவர்கள் போதும் என்கிறது, நாட்டுச் சராசரியோ 350-க்கும் மேல். பெரிய தனியார் பள்ளியில் காலேஜுக்கென்றே தனிக் கவுன்சலர், அவர் கையில் சில டஜன் பிள்ளைகள். பையனின் பாட்டி பெயர்வரை அவருக்குத் தெரியும். அவர் எழுதும் கடிதத்தையும், 380 பேரைப் பார்க்கும் ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்கு எழுதும் கடிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆனாலும் நம்மில் பலருக்கு இது உதவாது. அந்தப் பள்ளிகளிலிருந்து கிடைக்கும் இடங்களில் கணிசமானவை முன்னாள் மாணவர் பிள்ளைகளுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் போகின்றன. இரண்டும் இல்லாத ஒரு பிள்ளை கட்டணத்தைக் கட்டி அங்கே போய் நிற்கும்போது மிச்சம் இருக்கும் இடங்களுக்குத்தான் போட்டி போடுகிறது.

எங்கள் பள்ளியில் நாலே நாலு ஏபிதான் இருக்கிறது. பிள்ளைக்குப் பாதிப்பா?

இல்லை. கிடைக்காததை எடுக்கவில்லை என்று யாரும் குறைக்க மாட்டார்கள். 2018-இல் வாஷிங்டன் டிசி வட்டாரத்தில் 8 தனியார் பள்ளிகள் சேர்ந்து ஏபியையே கைவிடுவதாக அறிவித்தன, அவர்களின் பிள்ளைகள் இன்றும் நல்ல கல்லூரிகளுக்குப் போகிறார்கள். இருக்கும் நாலையும் எடுத்துவிட்டு இன்னும் படிக்க ஆசை இருந்தால் பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் ஒரு கணக்குப் பாடமோ வேதியியலோ எடுக்கலாம். ‘இந்தப் பள்ளியில் இதற்கு மேல் இல்லை, அதனால் இவள் வெளியே போய்ப் படித்தாள்’ என்று கவுன்சலர் ஒரு வரி எழுதினால் போதும்.

பள்ளிகளுக்கு மார்க் போடும் கிரேட்ஸ்கூல்ஸ் தளத்தில் 10-க்கு 10 வாங்கிய பள்ளி...

அந்த எண்ணை வைத்து எந்தச் சேர்க்கை அதிகாரியும் முடிவெடுப்பதில்லை. அது வீட்டு விலைக்கு உதவும்.

எஸ்ஏடி மறுபடி கட்டாயமானதில் பள்ளிக்கு ஏதாவது சம்பந்தம் இருக்கிறதா?

இருக்கிறது. எம்ஐடி 2022-இல், டார்ட்மத்தும் யேலும் 2024 பிப்ரவரியில், ஹார்வர்ட் அதே வருடம் ஏப்ரலில் எஸ்ஏடி போன்ற டெஸ்ட் மதிப்பெண் கட்டாயம் என்பதைத் திரும்பக் கொண்டுவந்தன. டார்ட்மத் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: வசதி குறைந்த பள்ளிகளிலிருந்து வந்தவர்கள் 1400 வாங்கியிருந்தும், ‘இது போதாது’ என்று நினைத்து அனுப்பாமல் விட்டார்கள். அனுப்பியிருந்தால் அவர்கள் பள்ளியின் சராசரியோடு ஒப்பிட்டு அந்த 1400 அவர்களுக்குச் சாதகமாகவே இருந்திருக்கும். ஆக, 1500-க்குக் கீழே என்றாலே வெட்கப்படும் நம் வீட்டுப் பழக்கம் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது. பள்ளிச் சராசரி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பத்தாம் வகுப்பு முடிந்து வேறு நல்ல டிஸ்ட்ரிக்ட்டுக்கு மாறலாமா?

முடிந்தால் வேண்டாம். நாங்கள் மகளை ஒன்பதாம் வகுப்பு முடிந்து மாற்றினோம். புதுப் பள்ளி நல்ல பள்ளிதான். ஆனால் பழைய பள்ளியில் ‘ஆனர்ஸ்’ (உயர்நிலைப் பாடம்) என்று இருந்த இரண்டு பாடங்களை இங்கே சாதாரணப் பாடமாகப் பதிவு செய்துவிட்டார்கள். கணக்கில் அவள் படித்ததையே மறுபடி படிக்கும் வகுப்பில் போட்டார்கள். அதைச் சரிசெய்ய எட்டு மாதம் மின்னஞ்சல் எழுதினேன், பாதிதான் சரியானது. அவளுக்கு ஒரு வருடம் மதியச் சாப்பாட்டுக்குக் கூட உட்கார ஆள் இல்லை. இதெல்லாம் வீடு பார்க்கும்போது என் பட்டியலில் இல்லவே இல்லை. வேலை காரணமாக மாறித்தான் ஆகவேண்டும் என்றால், சேரும் முன்பே எந்தப் பாடத்துக்கு ஜிபிஏவில் எந்த வெயிட், எந்தக் கணக்கு வகுப்பு என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஆசிரியர் சிபாரிசு பெரும்பாலும் பதினொன்றாம் வகுப்பு ஆசிரியர்களிடம்தான் கேட்பார்கள், அவர்களுக்குப் பிள்ளையைத் தெரிய ஒரு வருடமாவது வேண்டும்.

போட்டி அதிகம் உள்ள பள்ளி பிள்ளையின் மனதைப் பாதிக்கும் என்று சிலர் பயமுறுத்துகிறார்களே?

பயமுறுத்துவது என்று தள்ளிவிடாதீர்கள். சுனியா லூதர் என்ற உளவியல் அறிஞர், 2023-இல் மறைந்தார், வசதியான, சாதனை அழுத்தம் மிகுந்த பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் போதைப் பழக்கமும் சராசரியைவிட அதிகம் என்று பல ஆய்வுகளில் காட்டினார். கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் 2009-10-லும் 2014-15-லும் அடுத்தடுத்து மாணவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மத்திய அரசின் நோய்த்தடுப்பு மையமே 2016-இல் வந்து விசாரித்தது. எங்கள் பக்கத்தில் வெஸ்ட் வின்ட்சர்-பிளெயின்ஸ்பரோ டிஸ்ட்ரிக்ட் 2015-இல் ஹைஸ்கூலின் நடுத்தேர்வு, இறுதித்தேர்வுகளை எடுத்துவிட்டு, ஹோம்வொர்க் இல்லாத நாட்களைக் கொண்டுவந்தது. பெற்றோர் இரண்டாகப் பிரிந்து சண்டைபோட்டார்கள், நம்மவர்களில் நிறையப் பேர் எதிர்த்தார்கள். நானும் அன்றைக்கு எதிர்ப் பக்கம்தான் பேசினேன். இன்று பேச மாட்டேன்.

பிள்ளை தூங்குகிறதா, சாப்பிடுகிறதா, யாரிடமாவது மனம்விட்டுப் பேசுகிறதா என்று பாருங்கள். ‘இருந்து என்ன பயன்’ என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலும் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண் 24 மணி நேரமும் இருக்கிறது, கூப்பிடலாம், மெசேஜும் அனுப்பலாம். காலேஜ் அப்புறம்.

தம்பி மகன் சென்னையில் சிபிஎஸ்இ பள்ளியில் படிக்கிறான். அங்கிருந்து போட்டால் பள்ளியின் பெயர் பார்ப்பார்களா?

இந்தியாவிலிருந்து வரும் விண்ணப்பங்களைப் படிக்கவும் தனி ஆட்கள் இருக்கிறார்கள், சிபிஎஸ்இ, ஐசிஎஸ்இ, மாநிலப் பாடத்திட்டம் என்ற வித்தியாசம் அவர்களுக்குத் தெரியும். சிக்கல் வேறு: பல பள்ளிகளில் ஸ்கூல் புரொஃபைலே கிடையாது, கவுன்சலரும் கிடையாது. பிரின்ஸிபல் கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். பையனே பணிவாகக் கேட்டுப் பள்ளியைப் பற்றி ஒரு பக்கம் தயார் செய்யச் சொல்லட்டும்: வகுப்பில் எத்தனை பேர், 90-க்கு மேல் எத்தனை பேர் வாங்குகிறார்கள், பள்ளி எந்தப் பாடங்களைத் தருகிறது என்று. 9-இலிருந்து 12 வரை எல்லா வருட மார்க்கும் கேட்பார்கள், ஒன்பதாம் வகுப்பு மார்க்ஷீட்டைத் தொலைத்துவிடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

கவுன்சலருக்கு என் பெண் யாரென்றே தெரியாது. இப்போது என்ன செய்வது?

பதினொன்றாம் வகுப்பு ஜனவரியிலிருந்தே ஆரம்பிக்கலாம். அப்பாயின்ட்மென்ட் வாங்கிப் பெண்ணே போகட்டும், நீங்கள் போகாதீர்கள். பதினைந்து நிமிடம் போதும். பாடத்தேர்வு பற்றி ஏதாவது ஒரு உண்மையான கேள்வியோடு போகட்டும். இரண்டு மூன்று முறை போனால் முகம் பதிந்துவிடும். வசந்தத்தில் பள்ளி ‘பிராக் ஷீட்’ என்று பிள்ளையைப் பற்றி எழுதித் தர ஒரு படிவம் கொடுக்கும், பெற்றோருக்கும் ஒன்று உண்டு. அதில் ‘கடின உழைப்பாளி, பொறுப்பானவள்’ என்று எழுதாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுகிறார்கள். என் தோழி ஒருத்தி, தன் பெண் சமையலறையில் தோசை சுட்டுக்கொண்டே தம்பிக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்ததையும், கருகிய தோசையைத் தானே சாப்பிட்டுவிட்டு நல்லதை அவனுக்கு வைத்ததையும் நாலு வரியில் எழுதினாள். கவுன்சலர் கடிதத்தில் அந்தத் தோசை அப்படியே வந்திருந்தது.

பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள் என்றால் செப்டம்பர் முதல் வாரத்திலேயே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். நவம்பர் 1-க்கு எர்லி (முன்கூட்டியே போடும்) விண்ணப்பங்கள் போகும், அக்டோபர் நடுவில் கவுன்சலர் அறை வாசலில் வரிசை நிற்கும்.